மாம்பாக்கத்தில் நின்ற ஃபியட்

சேலையூர்
23 டிசம்பர் 2025

அன்புள்ள ஏசுபாதம் மாஸ்டருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு நேரில் வந்து நன்றி சொல்வதுதான் முறை. ஆனால் கோவளத்தில் நீங்கள் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு, கொஞ்ச நாள் ஆறட்டும் என்று என் மனைவி அபிதகுஜாம்பாள் சொல்லிவிட்டாள். போன் செய்தேன், எடுக்கவில்லை. நம் பழைய கார் சங்கத்து வாட்ஸப்பில் எழுதவும் வழியில்லை. அவருடைய பிளிமத் காருக்கு அடிக்க வேண்டிய பெயின்ட் பச்சையா நீலமா என்று போன வருஷம் நடந்த யுத்தத்துக்குப் பிறகு தலைவர் ராஜாராமன் விதி போட்டுவிட்டாரே. உறுப்பினர்களுக்குள் மனஸ்தாபம் என்றால் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். எழுதி முடிப்பதற்குள் பாதிக் கோபம் போய்விடுமாம். மெக்கானிக் சின்னப்பன் முடிச்சூர்ப் பக்கம் வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

சங்கத்தின் மார்கழி உலாக்களில் என் ஃபியட் இதுவரை நடுவழியில் நின்றதில்லை. இந்த முறை மாம்பாக்கம் ஏரிக்கரையில் நின்றுவிட்டது. முன்னால் ஒரு வண்டி நின்றால் பின்னால் வருபவர் நிற்க வேண்டும், எஞ்சினையும் அணைக்க வேண்டும் என்ற விதிப்படி நீங்கள் உங்கள் ஹெரால்டு காரை ஓரங்கட்டி, அணைத்துவிட்டு ஓடி வந்தீர்கள். அணைத்த ஹெரால்டு பிறகு கிளம்பவில்லை. என் வண்டியோ தானாகவே சரியாகி, உங்கள் வண்டியைக் கயிறு கட்டிக் கோவளம்வரை இழுத்து வந்தது. விதியின் விளையாட்டு, வேறென்ன சொல்ல?

அங்கே உங்களுக்காக மாலையோடு காத்திருந்த உங்கள் மனைவி செல்லம்மா அதை என் வண்டியின் பானெட்டில் போட்டதற்கு நான் பொறுப்பில்லை. "இவர இட்டுகினு வந்தது இந்த வண்டிதானே" என்று அவர்களாகவே போட்டார்கள்.

அபிதா தேன்குழல் அனுப்பியிருக்கிறாள். உலாவுக்குக் கொண்டுவந்த அதே டின்தான். மிச்சம் இருந்ததன்மேல் புதிதாகச் சுட்டதையும் போட்டு நிரப்பியிருக்கிறாள். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

அன்புடன்,
சத்யநாராயணன்

---

முடிச்சூர்
24 டிசம்பர்

சத்யநாராயணன் சாருக்கு,

டின் வந்தது. மாமிக்கு நன்றி சொல்லுங்கள்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கோபம் வண்டிமேலா, விதிமேலா, உங்கள்மேலா என்று எனக்கே தெரியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவன். ஓடுகிறவன் கோட்டைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சங்கத்தில் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. என் ஹெரால்டு ஒரு உலாவிலாவது சொந்தக் காலில் போய்ச் சேர்ந்திருக்கிறதா? ஒரு தடவை வண்டலூர் தாண்டவில்லை. ஒரு தடவை என் வீட்டுத் தெருவையே தாண்டவில்லை. நம் ஊரில் மார்கழிக் குளிர் மனுஷனுக்கு இல்லை, ரேடியேட்டருக்குத்தான், அந்த நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் கொதிக்காமல் ஓடும் என்பார்கள். என் வண்டி மார்கழியிலும் கொதிக்கும்.

இந்தத் தடவை ஓடியது சார். தையல் மெஷின் மாதிரி சத்தம். பிளிமத்தை முந்தினேன். ராஜாராமன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செல்லம்மா என் வண்டியில் ஏறமாட்டாள். தள்ளித் தள்ளி அவளுக்குத் தோள் போய்விட்டது. காலையிலேயே பஸ் பிடித்துக் கோவளம் போய்விட்டாள். "வந்து சேரு, மாலை போடறேன். சேரலன்னா அந்த இரும்ப வித்துடு" என்று சொல்லியிருந்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக மாம்பாக்கத்தில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள்.

போகட்டும். ஒரே ஒரு சந்தேகம். உங்கள் வண்டிக்கு என்னதான் ஆயிற்று? என்னை எட்டிப் பார்க்கவே நீங்கள் விடவில்லையே.

ஏசுபாதம்

---

சேலையூர்
27 டிசம்பர்

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில்: எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற காயில். சின்னப்பன் நேற்று வந்து பார்த்தான். பானெட்டைத் திறந்து மோந்து பார்த்தான், அவ்வளவுதான். "காயில் சூடாயி செத்துப்போச்சு சார், வாசனையே சொல்லுது" என்றான். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. இருந்தாலும் அனுபவஸ்தன் சொல்லும்போது நாம் மறுப்பது அழகல்ல என்று தலையாட்டிவிட்டேன். பழைய காயிலைக் கழற்றிப் புதியதைப் போட்டுவிட்டுப் போனான். ஆகவே விஷயம் தீர்ந்தது. இனி அதைப் பற்றி நாம் பேசவே வேண்டியதில்லை.

வேறொரு சின்ன விஷயம். அந்தத் தேன்குழல் டின் அபிதாவுக்குச் சீராக வந்தது, ரொம்பத் தேடுகிறாள். தேன்குழலை முழுக்கச் சாப்பிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மேலாக இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, அடியில் கிடப்பது பழசு, எண்ணெய்க் காறல் அடிக்கும், அதைக் கிளறாமல் டின்னோடு சின்னப்பனிடம் கொடுத்தனுப்பிவிடுங்கள். அவசரமில்லை. ஆனால் இன்றைக்கே என்றாலும் நல்லதுதான்.

அன்புடன்,
சத்யநாராயணன்

---

முடிச்சூர்
29 டிசம்பர்

திரு. சத்யநாராயணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைப்பதற்கு முன்பே டின் காலியாகிவிட்டது. நேற்று ஆராதனை முடிந்து பாஸ்டர் ஏசுதாசன் வீட்டுக்கு வந்தார். செல்லம்மா தேன்குழலைத் தட்டில் கொட்டி வைத்தாள். பாஸ்டர் ஒன்றை எடுத்துக் கடித்தார். கடிபடவில்லை. மறுபடி கடித்தார். மரியாதைக்காரர், கைக்குட்டையால் மறைத்து வாயிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார்.

அது ரோட்டார்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றுகிற, கட்டைவிரல் அளவு கறுப்புச் சாமான். அது இல்லாவிட்டால் எந்த எஞ்சினும் மூச்சுவிடாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஹெரால்டுடையது இல்லை, ஃபியட்டுடையது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. நான் பானெட்டுக்குள் தலையை விடப் போனபோது, "அதை நான் பார்த்துட்டேன் மாஸ்டர், நீங்க காபி சாப்பிடுங்கோ" என்றீர்கள். உங்கள் கை மாமியின் டின்மேல் இருந்தது. பிறகு எங்கள் முன்னால் டின்னைத் திறக்க முடியாமல் உங்கள் பெட்டியிலிருந்து வேறொரு ரோட்டாரை எடுத்து மாட்டியிருப்பீர்கள். மாட்டிவிட்டு, "தானாச் சரியாயிடுத்து" என்று கைதட்டினீர்கள். நாங்களும் கைதட்டினோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ரோட்டாரைத் தேன்குழலில் மறைத்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

நல்லா ஓடிய என் வண்டியை, ஓடாத மாதிரி நடித்த உங்கள் வண்டிக்காக நான் அணைத்தேன். உங்கள் மாலை, உங்கள் பானெட். நன்றாக இருங்கள்.

தலைவருக்குப் புகார் எழுதப் போகிறேன். ரோட்டாரும் என்னிடம்தான் இருக்கும்.

ஏசுபாதம்

---

சேலையூர்
2 ஜனவரி 2026

மாஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அபிதாவிடம் படித்துக் காட்டினேன். அவள் முதலில் கேட்டது, பாஸ்டருக்குப் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான். அதற்குப் பிறகு என்னோடு இரண்டு வேளை பேசவில்லை.

நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. நான் வேண்டுமென்றேதான் நிறுத்தினேன். டின் உங்களிடம் வந்த பிறகுதான் அதற்குள் போட்டது ஞாபகம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

நான் வேலை பார்த்தது ஆடிட்டில். தப்பு வருவதற்கு முன்னாலேயே அதைத் தேடிப் பிடித்துப் பழகியவன். என் வண்டியையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆகவே அது நிற்பதில்லை. ஒவ்வொரு உலாவிலும் நான்தான் முதலில் போய்ச் சேருவேன். போய்ச் சேர்ந்து, வண்டிமேல் சாய்ந்துகொண்டு ஃப்ளாஸ்க் காபி குடிப்பேன். குடித்த பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது. ரொம்ப நேரம் கழித்து நீங்கள் எல்லோரும் வருவீர்கள். முழங்கைவரை கிரீஸ், சட்டையெல்லாம் கரி, ஒரே சிரிப்பு. வழியில் ஏதோ நடந்திருக்கும். டாக்டர் ஜாய்சன் ரேடியேட்டருக்கு இளநீர் ஊற்றினாராம், ராஜாராமன் பிளிமத்தை எருமைமாடு தள்ளியதாம். என்ன என்ன என்று நான் கேட்பேன். "அத அங்க இருந்து பாத்திருக்கணும் சார்" என்பீர்கள். நான் ஒருநாளும் அங்கே இருந்ததில்லை.

ரிட்டையர் ஆன பிறகு எனக்கு வேறு போக்கிடம் கிடையாது மாஸ்டர். பிள்ளை சிறுசேரியில் வேலை, மேடவாக்கத்தில் ஃப்ளாட். அவனைப் பார்ப்பதே ட்ராஃபிக் தயவில். போன மார்கழியில் அபிதா கேட்டுவிட்டாள்: "ஏன்னா, தனியா உக்காந்து காபி குடிக்கறதுக்கு நம்மாத்துலயே குடிக்கலாமே, எதுக்கு இத்தனை தூரம் வரோம்?"

ஆகவே நிறுத்தினேன். பிளிமத்தோ டாக்டரோ பின்னால் வருவார்கள் என்று நினைத்தேன். உங்கள் ஹெரால்டு இரண்டாவதாக வரும் என்று நான் மட்டுமல்ல, சங்கத்தில் யாருமே நினைத்திருக்க மாட்டார்கள். இதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லோரும் வந்தீர்கள். ஏரிக்கரையில் அபிதாவின் புளியோதரையைப் பங்கு போட்டீர்கள். சின்னப்பன் பாடினான். அபிதா சிரித்தாள். உங்களுக்குச் செய்த கெடுதிக்கு வெட்கப்படுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வெட்கப்பட எனக்கு முடியவில்லை.

சத்யநாராயணன்

---

முடிச்சூர்
6 ஜனவரி

திரு. சத்யநாராயணன் அவர்களுக்கு,

கடிதம் படித்தேன். மனசு கொஞ்சம் இளகியது. "சங்கத்தில் யாருமே நினைத்திருக்க மாட்டார்கள்" என்ற வரியை மறுபடி படித்தேன். இறுகிவிட்டது.

புகாரைத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். பதினெட்டாம் தேதி கமிட்டி கூடுகிறது. உங்களை நீக்கினால் நான் அழமாட்டேன்.

அதற்கு முன்னால் பதினொன்றாம் தேதி வேடந்தாங்கல் உலா இருக்கிறது. கார்ப்புரேட்டரைப் பிரித்துக் கழுவி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை போய்ச் சேருவேன். வேடந்தாங்கலுக்கு நேர் பஸ் கிடையாது. ஆகவே செல்லம்மா மாலையை எடுத்துக்கொண்டு உங்கள் வண்டியில் மாமியோடு வருகிறாளாம். நான் வருவதற்கு முன்னால் அவள் அங்கே நிற்க வேண்டுமாம். இரண்டு பேரும் போனில் பேசி முடிவு செய்துவிட்டார்கள். பெண்டாட்டி சொன்னால் கேட்க வேண்டும் என்பதற்காக விடுகிறேன், உங்களுக்காக இல்லை.

ஒன்று சொல்லி வைக்கிறேன். உங்கள் வண்டி வழியில் நின்றால், நான் நிற்கமாட்டேன். புலி வருது புலி வருது என்று ஒரு தடவை ஏமாந்தாயிற்று.

ஏசுபாதம்

---

முடிச்சூர்
12 ஜனவரி

சத்யநாராயணன் சார்,

இதை எழுதக் கை வரவில்லை. செல்லம்மா அடுக்களையில் பாத்திரங்களை வைக்கிற சத்தம் பெருங்களத்தூர்வரை கேட்கும். வேறு யாரிடம் சொல்வது? கேளுங்கள்.

படாளத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டுத் திரும்பி, வயலுக்கு நடுவில் வரும்போது உங்கள் ஃபியட் ஓரமாக நின்றது. பானெட் திறந்திருந்தது. நீங்கள் இரண்டு கையையும் ஆட்டினீர்கள். மாமி ஆட்டினார்கள். செல்லம்மா மாலையோடு ரோட்டுக்கே வந்துவிட்டாள். என்ன துணிச்சல், இந்தத் தடவை என் பெண்டாட்டியையும் நாடகத்தில் சேர்த்துவிட்டார்களே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனேன். செல்லம்மா ஏதோ கத்தினாள். அவளைப் பார்த்து நான் கையும் காட்டினேன். அதைத்தான் அவள் மன்னிக்கமாட்டேன் என்கிறாள்.

போய்ச் சேர்ந்தேன் சார். ஏரி வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கி, இரண்டு கையையும் மேலே தூக்கினேன். ஆறு வருஷக் கனவு. சுற்றிப் பார்த்தேன். ஒரு ஈ காக்காய் இல்லை. காக்காய் இல்லை என்பது தப்பு, நாரையும் கொக்கும் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒன்றாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே. டீக்கடை அம்மாவிடம், "நானா ஓட்டிகினு வந்தேன்மா, முடிச்சூர்லருந்து" என்றேன். "சரி, ஸ்ட்ராங்கா லைட்டா?" என்று கேட்டார்கள்.

டீயைக் குடித்தேன். குடித்த பிறகு பார்க்க ஒன்றும் இல்லை. அப்போது உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் எழுதமாட்டேன்.

திரும்பி வரலாம் என்று சாவியைப் போட்டேன். அணைத்த வண்டி எங்கே கிளம்பும்? நீங்கள் எல்லோரும் மத்தியானம்தான் வந்தீர்கள். ஒரே சிரிப்பு, ஒரே கிரீஸ். என் வண்டி அணைந்து கிடப்பதைப் பார்த்து ராஜாராமன், "இன்னா மாஸ்டர், லாரில ஏத்தினு வந்து எறக்கிட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சார், ஒருத்தர்கூட நம்பவில்லை. பின்னால் வந்த யாரும் நான் தாண்டியதைப் பார்க்கவில்லை. செல்லம்மா சாட்சி சொல்லமாட்டேன் என்கிறாள். மாமியைக் கேட்டால் செல்லம்மா பக்கம்.

நான் என் சொந்த எஞ்சினில் உங்களைத் தாண்டிப் போனதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். கமிட்டியில் சொல்வீர்களா?

ஏசுபாதம்

---

சேலையூர்
14 ஜனவரி

அன்புள்ள மாஸ்டருக்கு,

போகிப் புகையில் எழுதுகிறேன், கண் எரிகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். படாளத்தில் என் வண்டி நிஜமாகவே நின்றது. புதிய காயில் செத்துவிட்டது. இல்லாத வியாதிக்குச் சின்னப்பன் பார்த்த வைத்தியம், இருந்த ஆரோக்கியத்தைக் கொண்டுபோய்விட்டது. நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் பழைய காயில் இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும். இதை நான் அவனிடம் சொல்லவும் முடியாது. அவனோ, "பாத்தியா சார், காயில்தான்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டான்.

நீங்கள் போனதும் ஒவ்வொரு வண்டியாக வந்து நின்றது. வரப்பில் துண்டு விரித்து உட்கார்ந்தோம். என் கை நிறைய கிரீஸ், நிஜக் கிரீஸ். டாக்டர் ஜாய்சன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் அங்கே இருந்தேன் மாஸ்டர். ஆனாலும் நீங்கள் போன பக்கமே அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெரால்டு இந்நேரம் சேர்ந்திருக்கும் என்று அபிதாவிடம் சொன்னேன். செல்லம்மா, "சேர்ந்தா சேரட்டும்" என்றார்கள். மாலையை மட்டும் வெயிலில் வாடாமல் ஈரத்துணி சுற்றி வைத்திருந்தார்கள்.

இப்போது உங்கள் வேண்டுகோள். சொல்கிறேன், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் இதை யோசித்தீர்களா? நீங்கள் என்னைத் தாண்டிப் போனீர்கள் என்று நான் சொன்ன நிமிஷம், நின்ற வண்டிக்கு நிற்காமல் போனீர்கள் என்றும் ஆகிறது. என் குற்றத்தைவிட அது சங்கத்தில் பெரிய குற்றம். வேடந்தாங்கலில் எல்லோரும் சிரித்தபோது நான் வாய் திறக்காததும் அதனால்தான். ராஜாராமன் ஏற்கெனவே என்னைக் கூப்பிட்டு, யாராவது நிற்காமல் போனார்களா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இல்லை என்று நான் சொன்னால் உங்களுக்கு ஒரு குறையும் வராது. ஆனால் நீங்கள் லாரியில் வந்ததாகவே ஆகும். போனார் என்று சொன்னால் உங்கள் ஹெரால்டு வேடந்தாங்கல் போய்ச் சேர்ந்ததாக ஆகும், உங்களைச் சங்கத்திலிருந்து நிறுத்தி வைப்பார்கள். எதைச் சொல்லட்டும்? நீங்கள் சொல்வதைச் சொல்கிறேன்.

பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
சத்யநாராயணன்

---

முடிச்சூர்
16 ஜனவரி

சத்யநாராயணன் சார்,

போனேன் என்று சொல்லுங்கள். வேகமாகப் போனேன் என்று சொல்லுங்கள்.

பதினெட்டாம் தேதி என் மகள் ரேஷ்மா வீட்டில் விசேஷம், நான் ஊரில் இருக்கமாட்டேன். உங்கள்மேல் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கி, தலைவருக்கு இதோடு இன்னொரு தாளில் எழுதியிருக்கிறேன். சின்னப்பனிடம் கொடுத்துவிட்டேன். ரோட்டாரையும் அனுப்பியிருக்கிறேன். செல்லம்மா அதை வெந்நீரில் கழுவி வைத்திருக்கிறாள், எதற்கு என்று கேட்காதீர்கள்.

நீங்கள் தப்பித்துக்கொள்ளுங்கள் சார். சங்கம் இல்லாவிட்டால் எனக்குப் பிள்ளைகள் விளையாடுகிற மைதானம் இருக்கிறது, போய் விசில் ஊதிக்கொண்டு நிற்பேன். உங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்று எழுதியிருந்தீர்களே.

ஏசுபாதம்

---

சேலையூர்
19 ஜனவரி

அன்புள்ள மாஸ்டருக்கு,

நேற்று கமிட்டி கூடியது. ராஜாராமன் உங்கள் வாபஸ் கடிதத்தைப் படித்து, "அப்ப இது முடிஞ்சுது" என்று அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தார். நான் எழுந்தேன்.

முதலில் உங்களுக்காகச் சாட்சி சொன்னேன். ஹெரால்டு தன் சொந்த எஞ்சினில், கொதிக்காமல், புகையாமல் என்னைத் தாண்டியது என்றேன். எஞ்சின் சத்தம் எப்படி இருந்தது என்று டாக்டர் ஜாய்சன் கேட்டார். தையல் மெஷின் மாதிரி என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆடிட் ஆசாமி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ராஜாராமன் ஒப்புக்கொண்டார். வேடந்தாங்கலுக்கு முதலில் போய்ச் சேர்ந்த வண்டி ஏசுபாதம் அவர்களின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார். கைதட்டினார்கள். அதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பிறகு அதே குரலில், நிற்காமல் போனதற்காக அடுத்த மார்கழிவரை உங்களை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்.

நான் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ரோட்டாரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மாம்பாக்கத்தில் என் வண்டி நிற்கவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்று சொன்னேன். நீங்கள் அங்கே எஞ்சினை அணைத்து மாட்டிக்கொண்டதற்கும், படாளத்தில் நிற்காமல் போனதற்கும் அதுதான் காரணம் என்றேன். "ஏன் சார் அப்படி?" என்று ராஜாராமன் கேட்டார். உங்களுக்கு எழுதியதையே சொல்ல ஆரம்பித்தேன். அபிதா கேட்ட கேள்வியைச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். சின்னப்பன்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "அப்ப காயில் நல்லா இருந்துச்சா சார்?" என்று காதோரம் கேட்டான். ஆமாம் என்றேன். அவனுக்குத்தான் மனசு ரொம்ப உடைந்துவிட்டது.

என்னையும் அடுத்த மார்கழிவரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். தப்பித்துக்கொள்ளச் சொன்னீர்கள். உங்களை வெளியே விட்டுவிட்டு நான் மட்டும் உள்ளே உட்கார்ந்து யாரோடு காபி குடிப்பது?

வீட்டுக்கு வந்து அபிதாவிடம் சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். "அப்போ வர ஞாயித்துக்கெழமை நாம ஃப்ரீதானே, செல்லம்மாவை வரச்சொல்லட்டுமா?" என்று போனை எடுத்தாள்.

அன்புடன்,
சத்யநாராயணன்

---

முடிச்சூர்
21 ஜனவரி

அன்புள்ள சத்யநாராயணன் சாருக்கு,

கடிதத்தைச் செல்லம்மாவுக்கு உரக்கப் படித்தேன். கைதட்டினார்கள் என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். உள்ளே போய், காய்ந்து சருகாகிப்போன அந்த வேடந்தாங்கல் மாலையைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டுவிட்டு, "இனிமே ரோட்ல என்னப் பாத்துகினே போனன்னா தெரியும் சேதி" என்றாள். பாத்திரச் சத்தம் குறைந்திருக்கிறது. ஹெரால்டை விற்கச் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பெண்கள் இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். மாமி புளியோதரை கொண்டுவருகிறார்கள். எங்கள் வீட்டில் மாமிக்காக மீன் குழம்பை விட்டுவிட்டு வடை. செல்லம்மா என் வண்டியில்தான் வருகிறாளாம். தோள் வலி என்ன ஆயிற்று என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டாள். எந்த ஊருக்குப் போகிறோம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

காலையில் இருட்டோடு கேம்ப் ரோடு முனைக்கு வந்துவிடுகிறேன். முன்னால் நீங்கள் போங்கள், பின்னால் நான் வருகிறேன். வழியில் நிற்க வேண்டும் என்று தோன்றினால் நல்ல நிழலாகப் பார்த்து நிறுத்துங்கள். ரோட்டாரைக் கழற்ற வேண்டாம், பானெட்டைத் திறக்க வேண்டாம், காரணமே வேண்டாம். நான் பின்னால் ஓரங்கட்டி எஞ்சினை அணைப்பேன். அணைத்தால் அப்புறம் கிளம்பாது என்று தெரிந்தே அணைப்பேன்.

அன்புடன்,
ஏசுபாதம்